மூன்றாவது தசமம்



ஆய்வகக் கல்வியைப் பற்றிப் பேச வேண்டும் என்பது இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையை நிறுவியவர்களின் விருப்பம். பெரிய கருவிகள், பெரிய கண்டுபிடிப்புகள் பற்றிப் பேசுவார் என்று சிலர் எதிர்பார்த்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்டது, ஒரு செய்முறை வகுப்புக்குள் முடிந்துவிடும் சோதனை: ஒரு வேதிப்பொருளின் ஒப்படர்த்தியைக் காண்பது. கண்ணாடிக் குப்பி ஒன்று, தராசு ஒன்று, வெப்பநிலைமானி ஒன்று, கொஞ்சம் வாலைவடிநீர். தேவை அவ்வளவுதான். இந்தச் சின்னச் சோதனையை ஒழுங்காகச் செய்யக் கற்றுக்கொண்ட மாணவர் வேதியியலின் பாதியைக் கற்றுக்கொண்டார் என்பது பல ஆண்டுகள் செய்முறை வகுப்பு எடுத்த என் துணிபு. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்க இந்த ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்கிறேன்.

சூத்திரம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். பொருளின் அடர்த்தியை நீரின் அடர்த்தியால் வகுத்தால் ஒப்படர்த்தி; அதற்கு அலகு கிடையாது. குப்பியை வெறுமையாக ஒரு முறை, நீர் நிரப்பி ஒரு முறை, சோதிக்கும் திரவத்தை நிரப்பி ஒரு முறை எடை பார்க்கிறோம். வெறுங்குப்பியின் எடையை இரண்டிலிருந்தும் கழித்து, திரவத்தின் எடையை நீரின் எடையால் வகுக்கிறோம். பருமன் இரண்டிலும் ஒன்றே என்பதால் அது கணக்கிலிருந்து விலகிவிடுகிறது. குப்பியின் கொள்ளளவே நமக்குத் தெரிய வேண்டியதில்லை. அளப்பதற்குக் கடினமான ஒன்றை அளக்காமலே விடையை எட்டும் இந்த வழி எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

ஆனால் ‘பருமன் ஒன்றே’ என்ற அந்தச் சொற்களுக்குள்தான் வேலை முழுவதும் இருக்கிறது. அடர்த்திக் குப்பியைக் கையில் எடுத்துப் பாருங்கள். 25 அல்லது 50 மில்லிலிட்டர் கொள்ளும் மெல்லிய கண்ணாடி. கழுத்தோடு தேய்த்துப் பொருத்திய கண்ணாடி மூடி. அந்த மூடியின் நடுவே, அடியிலிருந்து உச்சிவரை ஒரு மயிரிழைத் துளை. திரவத்தைக் கழுத்துவரை நிரப்பி மூடியை மெல்ல இறக்கினால், மிகுதியானது துளை வழியே ஏறி உச்சியில் ஒரு துளியாக வந்து நிற்கும். அதைத் துடைத்துவிட்டால், குப்பிக்குள் இருக்கும் பருமன் ஒவ்வொரு முறையும் மாறாது. கோட்டைப் பார்த்து மட்டம் பிடிக்கும் வேலையைக் கண்ணிடமிருந்து அந்தத் துளை வாங்கிக்கொள்கிறது.

துடைப்பதற்கும் கைப்பக்குவம் வேண்டும். வடிதாளைத் துளையின் வாயில் வைத்து அழுத்தினால், தாள் உள்ளே இருக்கும் திரவத்தையும் உறிஞ்சிவிடும். மூடியின் தலையைப் பக்கவாட்டில் ஒரே இழுப்பாகத் துடைக்க வேண்டும். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, துளைக்குள் திரவம் மேல்விளிம்புவரை நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நூல் கீழே இறங்கியிருந்தாலும் மறுபடி நிரப்புவதுதான் வழி. குப்பியை உள்ளங்கையால் பொத்திப் பிடிக்கக் கூடாது. கழுத்தை விரல்நுனிகளால் பிடிக்க வேண்டும். எத்தில் ஆல்கஹால் ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் தன் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக விரிகிறது. 25 மில்லிலிட்டர் குப்பியில் ஒரு டிகிரி ஏறினால் ஏறத்தாழ 0.027 மில்லிலிட்டர் துளை வழியே வெளியே போய்விடும். எடையில் அது 0.02 கிராம். நான்கு தசமம் காட்டும் தராசில் கடைசி இலக்கம் இருநூறு எண்ணுக்கு மேல் நகரும். உள்ளங்கைச் சூடு, ஒப்படர்த்தியின் மூன்றாவது தசமத்தை அசைக்கப் போதும்.

இதனால்தான் வெப்பநிலையைப் பற்றி நான் பிடிவாதமாக இருப்பேன். குப்பியை நீர்த்தொட்டியில் கழுத்துவரை அமிழ்த்தி, குறைந்தது கால் மணி நேரம் வைத்து, வெப்பநிலை நிலைத்த பிறகே உச்சித் துளியைத் துடைக்க வேண்டும். குறிப்பேட்டில் எடைக்கு முன்பாக வெப்பநிலையை எழுத வேண்டும். ஒப்படர்த்தி என்ற எண்ணுக்கு அது எந்த வெப்பநிலையில் எடுத்தது, எந்த வெப்பநிலை நீரோடு ஒப்பிட்டது என்ற இரண்டு விவரமும் இல்லாவிட்டால் பொருள் கிடையாது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். தூய எத்தில் ஆல்கஹாலின் ஒப்படர்த்தி 0.789 என்று புத்தகத்தில் இருக்கிறது. அது 20 டிகிரியில் உள்ள ஆல்கஹாலை 4 டிகிரியில் உள்ள நீரோடு ஒப்பிட்ட எண். நம் ஊர் ஆய்வகத்தில் 20 டிகிரி ஏது? பெரும்பாலான நாட்களில் 30 டிகிரி இருக்கும். அந்த வெப்பநிலையில் ஆல்கஹாலின் அடர்த்தி மில்லிலிட்டருக்கு 0.781 கிராம், நீரின் அடர்த்தி 0.9957 கிராம். இரண்டையும் 30 டிகிரியில் எடை பார்த்த மாணவருக்கு 0.784 வர வேண்டும். அதை 4 டிகிரி நீருக்கு மாற்றினால் 0.781. இரண்டும் சரியான விடைகள். அவர் 0.789 என்று எழுதிக் கொடுத்தால்தான் நான் சந்தேகப்படுவேன்.

ஏனென்றால் அந்த எண் வருவதற்கு இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, புத்தகத்தைப் பார்த்து எண்ணைத் திருத்தியிருக்க வேண்டும். மற்றொன்று, ஆல்கஹாலில் ஏறத்தாழ ஒன்றரை சதவீதம் நீர் கலந்திருக்க வேண்டும். ஆல்கஹால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். சீசாவைச் சரியாக மூடாமல் வைத்திருந்தால், மழைக்காலத்தில் இது எளிதாக நடக்கும். வெப்பநிலையால் குறைந்த எண்ணை நீர்க்கலப்பு கூட்டிவிட, இரண்டு பிழைகள் ஒன்றையொன்று மறைத்துப் புத்தக எண்ணில் வந்து நிற்கின்றன. மாணவர் மகிழ்ச்சியோடு எழுதுகிறார். தேர்வாளர் முழு மதிப்பெண் போடுகிறார். மூடாத சீசாவை யாரும் கவனிப்பதில்லை.

திடப்பொருளுக்கு வருவோம். சாதாரண உப்பின் ஒப்படர்த்தியைக் காண வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீரில் கரைந்துவிடும் என்பதால் அதைக் கரைக்காத டொலுயீன் போன்ற திரவத்தில் மூழ்க வைக்கிறோம். குப்பியில் பாதி டொலுயீனோடு உப்பைச் சேர்த்து, பிறகு நிரப்பி, எடை பார்க்கிறோம். உப்பு இடம்பெயர்த்த டொலுயீனின் எடை தெரிகிறது. டொலுயீனின் அடர்த்தியால் வகுத்தால் உப்பின் பருமன் கிடைக்கிறது. காகிதத்தில் இவ்வளவுதான். குப்பிக்குள்ளோ பரல்களுக்கு இடையே காற்று சிக்கிக்கொண்டிருக்கும். ஐந்து கிராம் உப்பின் உண்மையான பருமன் சுமார் 2.31 மில்லிலிட்டர். அதில் 0.1 மில்லிலிட்டர் காற்று ஒளிந்திருந்தால் பருமன் 2.41 என்று தோன்றும். ஒப்படர்த்தி 2.16-க்குப் பதில் 2.07 வரும். நூற்றுக்கு நான்கு பிழை, மிளகளவுகூட இல்லாத காற்றுக் குமிழிகள் சிலவற்றால். குப்பியை மெல்லச் சுழற்ற வேண்டும், விரலால் தட்ட வேண்டும், முடிந்தால் வெற்றிடப் பம்பில் இணைத்துக் காற்றை வாங்க வேண்டும். குமிழி வருவது நின்ற பிறகும் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பொருளுக்குள் ஒளிந்திருக்கும் இடைவெளி எவ்வளவு பெரிய செய்தியாக முடியும் என்பதற்கு வேதியியல் வரலாற்றில் ஒரு நல்ல சான்று இருக்கிறது. பிரான்சில் கோன்யாக் ஊரைச் சேர்ந்த லெகாக் தெ புவாபோத்ரான் 1875 ஆகஸ்டில் ஒரு புதிய தனிமத்தைக் கண்டார். பிரனீஸ் மலையிலுள்ள பியர்ஃபித் சுரங்கத்தின் துத்தநாகத் தாதுவில், நிறமாலைமானி வழியே, அதுவரை யாரும் காணாத ஊதாக் கோடுகளைப் பார்த்தார். அதற்குக் காலியம் என்று பெயரிட்டார். ரஷ்யாவில் மெண்டலீவ் இந்த இடத்தை நான்கு ஆண்டுகளுக்கு முன்பே தம் தனிம அட்டவணையில் காலியாக விட்டு, அலுமினியத்துக்குக் கீழே வரவேண்டிய தனிமம் என்று குறித்திருந்தார். அதன் அணு எடை சுமார் 68, ஒப்படர்த்தி சுமார் 5.9 என்பது அவர் கணிப்பு.

லெகாக் தம்மிடமிருந்த மிகச் சிறிய துண்டை அளந்தபோது வந்தது 4.7.

இந்த எண் யாரையும் உறுத்தியிருக்காது என்பதைக் கவனியுங்கள். அட்டவணையில் காலியத்துக்கு மேலே இருக்கும் அலுமினியம் 2.7, கீழே இருக்கும் இண்டியம் 7.3. நடுவில் இருப்பதற்கு 5-ஐ ஒட்டிய எண்தானே வரும்? 4.7 பொருத்தமான விடையாகவே தெரிந்திருக்கும். அதை அப்படியே அச்சிட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருக்கலாம். கையில் பொருளை வைத்துக்கொண்டு அளந்தவர் அவர். பொருளைப் பார்க்காமலே எண் சொன்னவர் வேறொருவர்.

லெகாக் அப்படி விடவில்லை. காலியத்தை நீருக்கு அடியில் உறைய வைத்தபோது உலோகத்தின் உள்ளே சிறு குழிகள் ஏற்பட்டு, அவற்றில் நீரோ காற்றோ தங்கியிருக்கலாம் என்று ஐயுற்றார். உலோகத்தை நன்கு சூடாக்கி, உலர்ந்த சூழலில் உறைய வைத்து, 1876-இல் மறுபடி அளந்தார். இந்த முறை 5.9 வந்தது. இன்றைய அட்டவணைகளில் திடக் காலியத்தின் மதிப்பும் 5.9தான்.

அந்தக் குழிகள் எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்று நாமே கணக்குப் போடலாம். குழிகள் முழுவதும் நீர் என்று கொண்டால், துண்டின் பருமனில் ஏறத்தாழ கால் பங்கு நீராக இருந்திருக்க வேண்டும். காற்று என்று கொண்டால் ஐந்தில் ஒரு பங்கு. அவ்வளவு பெரிய பங்கு கண்ணுக்குத் தெரியாமல் போகுமா என்று கேட்கலாம். எடுத்துக்காட்டாக, 60 மில்லிகிராம் காலியத்தின் பருமன் ஒரு மில்லிலிட்டரில் நூறில் ஒரு பங்கு. அதற்குள் இருக்கும் குழியைத் தராசு மட்டுமே காட்டிக்கொடுக்கும்.

காலியத்தைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அது உருகும் வெப்பநிலை 29.8 டிகிரி. நம் சித்திரை மாதத்தில் ஆய்வக மேசையில் வைத்தால் உருகிக் கிடக்கும். நீரைப் போலவே இதுவும் உறையும்போது விரியும் பொருள், திடநிலையில் 5.9, திரவநிலையில் 6.1. இங்கே வெப்பநிலையோடு நிலையையும் எழுதாவிட்டால் எண்ணுக்குப் பொருளில்லை.

மெண்டலீவை வெறும் அட்டவணைக்காரராகவே நம் பாடநூல்கள் காட்டுகின்றன. அது நியாயமில்லை. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் 1859 முதல் 1861 வரை தங்கியிருந்தபோது அவர் திரவங்களின் தந்துகி ஏற்றத்தையும் விரிவையும் அளந்துகொண்டிருந்தார். நல்ல கண்ணாடிக் கருவிகளைத் தேடிச் செய்வித்தார். 1865-இல் அவர் அளித்த முனைவர் ஆய்வு ஆல்கஹாலும் நீரும் கலப்பதைப் பற்றியது. 50 மில்லிலிட்டர் ஆல்கஹாலையும் 50 மில்லிலிட்டர் நீரையும் கலந்தால் 100 வராது. 96, 97 அளவில் நின்றுவிடும். கலவையின் அடர்த்தி விகிதத்துக்கு விகிதம் எப்படி மாறுகிறது என்பதை அவர் பொறுமையாக அளந்தார். அவர் பெயராலேயே ஓர் அடர்த்திக் குப்பி வடிவம் வழங்குகிறது. அடர்த்தி என்ற எண்ணில் எங்கெல்லாம் பிழை நுழையும் என்று கையால் அறிந்தவர் அவர். 5.9 என்ற கணிப்புக்குப் பின்னால் அந்த அனுபவமும் இருந்தது என்றே நான் கருதுகிறேன்.

வாயுக்களில் இதே கதை இன்னும் நுட்பமாக நடந்தது. இங்கிலாந்தில் ரேலி பிரபு, ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவற்றின் அடர்த்திகளைப் பல ஆண்டுகள் அளந்து முடித்துவிட்டு நைட்ரஜனுக்கு வந்தார். காற்றிலிருந்து ஆக்சிஜனை நீக்கிப் பெற்ற நைட்ரஜனைவிட, அம்மோனியாவிலிருந்து பெற்ற நைட்ரஜன் ஆயிரத்தில் ஒரு பங்கு இலேசாக இருந்தது. நம்மில் பலர் இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்திருப்போம். அவரோ 1892-இல் ‘நேச்சர்’ இதழுக்கு எழுதி, இதற்கு விளக்கம் தர முடியுமா என்று வேதியியலாரைக் கேட்டார். பிறகு அந்த வேறுபாட்டைக் குறைக்கும் வழியைத் தேடாமல், பெரிதாக்கும் வழியைத் தேடினார். முதலில் அம்மோனியாவோடு சேர்த்த ஆக்சிஜன் காற்றிலிருந்து வந்ததால், அந்த நைட்ரஜனிலும் ஒரு பகுதி காற்றின் நைட்ரஜனே. காற்றையே தொடாமல் சேர்மங்களிலிருந்து மட்டும் நைட்ரஜனைத் தயாரித்தபோது வேறுபாடு இருநூறில் ஒரு பங்காக உயர்ந்தது. அவருடைய கண்ணாடிக் கோளத்தில் காற்றின் நைட்ரஜன் 2.310 கிராம், சேர்மங்களின் நைட்ரஜன் 2.299 கிராம். வேறுபாடு 0.011 கிராம்.

அந்த 0.011 கிராமுக்குள் இருந்தது ஆர்கான். வேதியியலார் வில்லியம் ராம்சேயும் ரேலியும் 1894-இல் அதை அறிவித்தார்கள். காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு இருக்கும் ஒரு தனிமம் அதுவரை யாருக்கும் தெரியாமல் இருந்தது. நாம் மூச்சுவிடும் ஒவ்வொரு முறையும் உள்ளே போய் வெளியே வந்த தனிமம் அது. ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே, 1785-இல், ஆங்கில அறிவியலாளர் காவெண்டிஷ் காற்றின் நைட்ரஜனை மின்பொறியால் வினைபுரிய வைத்து, கடைசியில் எஞ்சிய ஒரு சிறு குமிழியைக் குறித்து வைத்திருந்தார். அது மொத்தத்தில் 120-இல் ஒரு பங்குக்கு மேல் இல்லை என்றும் எழுதியிருந்தார். புரியாததை அழித்துவிடாமல் எழுதி வைத்ததால், பின்னால் வந்த ராம்சேயால் அதை எடுத்துப் பார்க்க முடிந்தது. 1904-இல் ரேலிக்கு இயற்பியலிலும் ராம்சேக்கு வேதியியலிலும் நோபல் பரிசு கிடைத்தது.

ரேலியின் கவனத்துக்கு இன்னொரு சான்று. கண்ணாடிக் கோளத்திலிருந்து காற்றை வாங்கிவிட்டால் வெளிக்காற்றின் அழுத்தத்தால் கோளம் இம்மியளவு சுருங்குகிறது. சுருங்கிய கோளம் இடம்பெயர்க்கும் வெளிக்காற்று குறைவு. ஆகவே தராசில் எடை சற்றுக் கூடித் தெரியும். முன்பு அளந்தவர்கள் கவனிக்காமல் விட்ட இந்தத் திருத்தத்தை அவர் கணக்கில் சேர்த்தார். நம் அடர்த்திக் குப்பியிலும் இதற்கு உறவான ஒன்று உண்டு. ‘வெறுங்குப்பி’ என்று நாம் எழுதும் 25 மில்லிலிட்டர் குப்பிக்குள் 0.03 கிராம் காற்று இருக்கிறது. மூன்று தசமத்தோடு நிற்பவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடலாம். நான்காவது தசமத்தை எழுத விரும்புகிறவர் காற்றின் மிதப்புக்குத் திருத்தம் செய்தே ஆக வேண்டும். செய்யாமல் நான்கு தசமம் எழுதுவது, அளக்காததை எழுதுவதாகும்.

இந்தக் காலத்தில் குப்பி எதற்கு என்ற கேள்வி வரும். 1967-இல் ஆஸ்திரியாவில் உருவான அதிர்வுக்குழாய் அடர்த்திமானி இன்று மருந்து ஆலைகளிலும் பெட்ரோலிய ஆய்வகங்களிலும் மேசைமேல் இருக்கிறது. வளைந்த சிறு கண்ணாடிக் குழாயில் திரவத்தைச் செலுத்தி அதிர வைத்தால், அதிர்வு நேரத்திலிருந்து அடர்த்தியைக் கருவியே கணக்கிட்டு ஐந்து தசமம் காட்டும். வெப்பநிலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும். நல்ல கருவிதான், தொழிற்சாலைக்கு அதுதான் ஏற்றது. ஆனால் அதற்குள்ளும் ஒரு காற்றுக்குமிழி நுழைந்தால் ஐந்து தசமமும் பொய்யாகும். திரை எண்ணை மட்டும் காட்டும். குமிழியைத் தேட வேண்டும் என்ற எண்ணம் ஆளுக்கு வர வேண்டும். அந்த எண்ணம் குப்பியில் பழகியவருக்கு வரும். ஆகவே இளநிலை வகுப்புகளிலிருந்து அடர்த்திக் குப்பியை எடுத்துவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இனி என் வேண்டுகோள்கள். முதலில் என்னோடு பணியாற்றும் ஆசிரியர்களுக்கும் தேர்வாளர்களுக்கும்.

செய்முறைத் தேர்வில் புத்தக எண்ணுக்கு எவ்வளவு அருகில் வந்தார் என்று பார்த்து மதிப்பெண் போடுகிறோம். அந்த முறை மாணவரை எண்ணைத் திருத்தத் தூண்டுகிறது. நாமே அதற்குப் பரிசும் கொடுக்கிறோம். அதை மாற்றுங்கள். குப்பியை மூன்று முறை நிரப்பி எடுத்த அளவீடுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பாருங்கள். வெப்பநிலை எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாத விடைக்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள். புத்தகத்திலிருந்து விலகிய எண்ணுக்கு மாணவர் காரணம் சொல்லியிருந்தால், அந்தக் காரணத்துக்குத் தாராளமாக மதிப்பெண் கொடுங்கள். தேர்வுக்கு முந்தைய நாள் ஆய்வக உதவியாளர் அதே மாதிரியை அதே அறையின் வெப்பநிலையில் அளந்து வைக்கட்டும். மாணவரின் விடையை ஒப்பிட வேண்டியது அந்த எண்ணோடுதான்.

மாணவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். குறிப்பேட்டில் எதையும் ரப்பரால் அழிக்காதீர்கள், வெள்ளை மை பூசாதீர்கள். பொருந்தாத எண் வந்தால் அதன் மேல் ஒரே ஒரு கோடு போடுங்கள். பக்கத்தில் நேரத்தையும் வெப்பநிலையையும் உங்களுக்குத் தோன்றும் காரணத்தையும் எழுதுங்கள். காரணம் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதுங்கள். அடித்த எண்ணும் பிறர் படிக்கும்படி இருக்கட்டும்.